கடைக் கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?



தராசு முள் சாய்ந்திருந்தால் நம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பில் போடும் கம்ப்யூட்டரின் கடிகாரம் பிசகினால் தெரிவதில்லை. அப்படித் தெரியாமல் போய், ஓர் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறோம்.

மொத்த வியாபாரம் என்பதால் விடியற்காலை 4 மணிக்கே பில் போடத் தொடங்கிவிடுவோம். அன்று 5.30 மணிக்குள் போட்ட 14 பில்களிலும் மார்ச் 31 என்றே தேதி விழுந்திருந்தது. சரக்கு எடுத்துப் போன கடைக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, போன வருசக் கணக்கை முடிச்சாச்சே, இதை எதுல எழுத?" என்று போனில் கேட்ட பிறகுதான் விழித்தோம். அத்தனையையும் ரத்து செய்து, புது வருட வரிசை எண்ணில் மறுபடி போட்டுக் கொடுப்பதற்குள் மதியமாகிவிட்டது.

பழுது பார்ப்பவர் வந்தார். பாட்டரியை மாற்றினார், காசு வாங்கிப் போனார். இரண்டே நாளில் பழைய கதை. அதன் பிறகு கம்ப்யூட்டர் காட்டும் நேரத்தையும் சுவர்க்கடிகார நேரத்தையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தோம். அந்த நோட்டுதான் நோயைக் காட்டிக் கொடுத்தது.

கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று, மின்சாரம் இல்லாதபோதும் சிறு பாட்டரியில் ஓடுவது. மற்றொன்று, இயக்க மென்பொருளின் மையமான கெர்னல் நடத்துவது. மெஷினைப் போட்டதும் கெர்னல் முதல் கடிகாரத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்ளும். அதன் பிறகு தானே எண்ணிக்கொண்டு போகும். ஆகவே கோளாறு மூன்று வகை.

முதல் வகை: அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பின்னே போய்விடும். இது பாட்டரி தீர்ந்ததன் அடையாளம். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்டப் பாட்டரி போதும்.

இரண்டாவது: வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். இதுதான் எங்கள் நோய். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எங்கள் பேரன் படிப்புக்காக அதே மெஷினில் லினக்ஸும் போட்டிருந்தான். லினக்ஸ் வழக்கமாகப் பாட்டரிக் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். எங்கள் விண்டோஸில் தானாக நேரம் திருத்தும் வசதியும் அணைந்து கிடந்தது. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்ததும் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது: ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிடக்கணக்கில் பிந்தும் அல்லது முந்தும். கெர்னல் எண்ணுவதற்குப் பயன்படுத்தும் பிராசசர் எண்ணி சீராக இல்லாவிட்டால் இப்படி ஆகும். இதற்குப் பாட்டரி மாற்றிப் பயனில்லை. பயாஸையும் இயக்க மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸானால் எண்ணியையே மாற்றிப் பார்க்கலாம்.

நாளொன்றுக்கு ஒன்றிரண்டு விநாடி தவறுவது இயல்பு. அதைத் திருத்தவே, நெட் வழியாக நேரம் வாங்கும் என்.டி.பி. முறை 1985 முதல் இருக்கிறது. நம் நாட்டின் நேரத்தைப் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் காத்து வருகிறது. தேதி வெகுவாகத் தவறினால் வரி இணையதளம்கூடத் திறக்க மறுக்கும்.

எனவே முதல் பில் போடுமுன் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். தவறு கண்டால், எவ்வளவு, எப்போது என்று எழுதி வைத்துக்கொண்டு பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். வீண் செலவு மிச்சமாகும்.