மாத்தளையின் இராணுவ அதிகாரி ஜனாதிபதியானபோது…

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 வீதி, மாத்தளை நகரைக் கடந்துதான் செல்கிறது. பல தடவைகள் அவ்வழியால் பயணித்திருக்கிறேன். ஆனால், 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டபோதுதான் ஒன்று உறைத்தது. அதே வீதியில் இன்னொரு பெரிய மனிதப் புதைகுழியும் இருக்கிறது. அது சிங்களப் பிள்ளைகளுடையது என்று நம்பப்படுகிறது.

1987 முதல் 1989 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் மாத்தளையிலும் இளைஞர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். பலர் வீடு திரும்பவில்லை. 1989 மே மாதம் தொடக்கம் 1990 ஜனவரி வரை அந்த மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்‌ஷ. கஜபா படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1987 வடமராட்சி நடவடிக்கையிலும் பங்கேற்றவர். அவர் பொறுப்பிலிருந்த மாதங்களில் மாத்தளையில் 700இற்கும் மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டதாக சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்திட்டம் குற்றஞ்சாட்டுகிறது. எந்த நீதிமன்றமும் இதை விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

அதே காலத்தில் அவருடைய அண்ணன் மஹிந்த ராஜபக்‌ஷ எதிரணியில் இருந்தார். காணாமலாக்கப்பட்டோரின் விபரங்களோடு 1990 செப்டெம்பரில் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட அவரிடமிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆவணங்கள் பறிக்கப்பட்டன. வரலாறு இப்படியும் விளையாடும்.

இராணுவத்திலிருந்து விலகி அமெரிக்காவில் குடியேறிய கோட்டாபய, 2005இல் திரும்பி வந்து பாதுகாப்புச் செயலாளரானார். இறுதிப் போர் அவர் காலத்தில்தான் நடந்தது. 2013 வரை பொலிஸ் திணைக்களமும் அவருடைய அமைச்சின் கீழேயே இருந்தது. இந்த இடத்தில்தான் மாத்தளையின் கதை மறுபடி திறக்கிறது.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயு அலகொன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வு முடிவில் 150இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவை 1986–1990 காலத்தவை எனத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ மதிப்பிட்டார். நீதவான் அதைக் குற்றம் நடந்த இடமாக அறிவித்தார்.

அதன்பிறகு நடந்தவற்றை நமது மக்கள் உன்னிப்பாகக் கவனிக்கவேண்டும். 2013இல் ஜனாதிபதி மஹிந்த ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். தம்பி அதிகாரியாக இருந்த மாவட்டத்தின் புதைகுழியை விசாரிக்க அண்ணன் அமைத்த ஆணைக்குழு அது. அமெரிக்காவில் செய்யப்பட்ட காபன் பரிசோதனையை வைத்து, எச்சங்கள் 1950இற்கு முற்பட்டவை எனக் கூறப்பட்டது. இதற்கிடையில், மத்திய மாகாணத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொலிஸ் பதிவேடுகளை அழிக்குமாறு கோட்டாபய உத்தரவிட்டதாக, புதைகுழிகள் குறித்து 2023இல் வெளியான மனித உரிமை அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. கைது செய்தவர் யார், எங்கே தடுத்து வைத்தார்கள் என்பதற்கான எழுத்துச் சான்று அந்தப் பதிவேடுகள்தான்.

மன்னார் சதொச வளவிலும் இதுவே நடந்தது. 2018இல் 300இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த காபன் அறிக்கை, அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்றது.

கோட்டாபய 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடரமுடியாதபடி அரசியலமைப்பு காத்தது. 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றார். வீதியோரப் பந்தல்களில் பிள்ளையின் படத்தோடு இருந்த நமது தாய்மார் அதைச் செய்தியாகக் கேட்டார்கள். 2022 ஜூலையில் மக்கள் எழுச்சி அவரைப் பதவியிலிருந்து விரட்டியது. அந்தப் போராட்டம் விலைவாசிக்காகவும் மின்வெட்டுக்காகவும் எழுந்தது. மாத்தளைக்காகவோ முள்ளிவாய்க்காலுக்காகவோ அல்ல.

சீருடை அணிந்தவர் அரசியலுக்கு வருவது தவறல்ல. அவர் கடமையாற்றிய இடத்தின் கோப்புகளும் அவர் கைக்கே வந்துசேர்வதுதான் ஆபத்து. ஆகவே செம்மணி பற்றிக் கேட்கும்போது எலும்புகளை மட்டும் எண்ணினால் போதாது. அக்காலப் பொலிஸ், இராணுவப் பதிவேடுகள் எங்கே? சான்றுப்பொருட்கள் யார் பொறுப்பில்? விசாரிப்பவரை நியமிப்பது யார்?

இவற்றைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை மாத்தளைத் தாய்மார் நமக்கு முன்னரே அறிந்தவர்கள்.