புத்தர் எந்த நாட்டுக்காரர்?

"புத்தர் எங்கள் மண்ணில் பிறந்தவர். அவர் நேபாளி" என்கிறார்கள் நேபாள மக்கள்.

"அவர் ஞானம் பெற்றது புத்த கயையில். முதல் உபதேசம் செய்தது சாரநாத்தில். மறைந்தது குசிநகரத்தில். மூன்றும் இந்தியாவில் இருக்கின்றன. ஆகவே அவர் இந்தியர்" என்கிறார்கள் நம் நாட்டில் பலர்.

இது வெறும் திண்ணைப் பேச்சு அல்ல. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இந்திய வெளியுறவு மந்திரி ஒரு கூட்டத்தில் பேசினார். இந்தியர்களில் மிகப் பெரியவர்கள் என்று புத்தரையும் காந்தியடிகளையும் குறிப்பிட்டார். உடனே நேபாளத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. "புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில்தான் இருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை" என்று இந்திய அரசு விளக்கம் கூறிய பிறகே பேச்சு அடங்கியது.

ஆசையை விடு என்று சொன்ன மகான் அவர். அவருக்கே இரண்டு நாடுகள் ஆசைப்படுகின்றன! உண்மையில் அவர் எந்த நாட்டுக்காரர்? எந்த இனத்தவர்?

மண்ணுக்குள் இருந்த சாட்சி

புத்தரின் தந்தை சுத்தோதனர். தாய் மாயாதேவி. பிரசவத்துக்காக மாயாதேவி தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும் வழியில் லும்பினி என்ற சோலையில் வலி கண்டது. அங்கேயே குழந்தை பிறந்தது. பிறந்த ஏழாம் நாள் தாய் இறந்துவிட்டாள். சிற்றன்னை பிரஜாபதி கௌதமிதான் குழந்தையை வளர்த்தாள். பௌத்த நூல்கள் சொல்லும் வரலாறு இது.

அந்த லும்பினி எங்கே? பல நூற்றாண்டுகள் அது யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் மறைந்து கிடந்தது. ஆனால் மக்களின் நாக்கு அந்தப் பெயரை விடவில்லை. அங்கே இருந்த மாயாதேவி சிலையை, சுற்று வட்டாரத்துக் கிராமத்தார் 'ரும்மிந்தேயி' என்ற அம்மனாகக் கும்பிட்டு வந்தார்கள். லும்பினி என்ற பெயர்தான் அப்படித் திரிந்து போயிருந்தது.

1896-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கே ஒரு கல்தூணைச் சுற்றி மண்ணைத் தோண்டினார்கள். நேபாளத் தளபதி கட்க சம்ஷேரின் ஆட்கள் தோண்டத் தோண்ட, தூணின் கீழ்ப்பகுதியில் எழுத்துகள் தெரிந்தன. பழைய பிராமி எழுத்து! எழுதியவர் அசோகச் சக்கரவர்த்தி!

அவர் முடிசூடிய 20-ம் ஆண்டில், அதாவது கி.மு. 249-ம் ஆண்டு வாக்கில், நேரில் அங்கே வந்து வணங்கினார். சாக்கிய முனிவர் பிறந்த இடம் இது என்று தூணில் பொறித்து வைத்தார். அதோடு விடவில்லை. மகான் பிறந்த ஊர் என்பதற்காக லும்பினி கிராமத்துக்கு வரியை நீக்கினார். விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று ஆணையிட்டார்.

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. லும்பினி இன்று நேபாளத்தில் இருக்கிறது. 1997-ம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இரண்டு கபிலவஸ்து

பிறந்த இடம் தெரிந்துவிட்டது. வளர்ந்த ஊர் எது? அது கபிலவஸ்து. 29 வயது வரை புத்தர் அங்கேதான் வாழ்ந்தார். இதில்தான் சிக்கல் வருகிறது.

லும்பினிக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் திலௌராகோட் இருக்கிறது. இது நேபாளம். அங்கே மதில் சுவரும் அகழியும் கோட்டை வாசல்களும் கிடைத்துள்ளன. "இதுதான் கபிலவஸ்து" என்கிறார்கள் நேபாள அறிஞர்கள்.

அங்கிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் பிப்ரவா இருக்கிறது. இது இந்தியா, உத்தரப் பிரதேசம். 1898-ம் ஆண்டு வில்லியம் பெப்பே என்ற வெள்ளைக்கார எஸ்டேட் முதலாளி அங்கே ஒரு மேட்டைத் தோண்டினார். உள்ளே பெரிய கல்பெட்டி! பெட்டிக்குள் சிமிழ்கள், எலும்புத் துண்டுகள், பொன், மணிகள்! ஒரு சிமிழில், சாக்கியர்கள் புத்தரின் அஸ்தியை வைத்த செய்தி எழுதியிருந்தது. 1970-களில் மறுபடியும் அங்கே தோண்டியபோது, கபிலவஸ்துவின் பிக்குகள் சங்கம் என்ற பெயர் பொறித்த களிமண் முத்திரைகள் கிடைத்தன. "இதுதான் கபிலவஸ்து" என்கிறார்கள் இந்திய அறிஞர்கள்.

சீனாவிலிருந்து வந்த யாத்திரீகர்கள் பாஹியானும் யுவான் சுவாங்கும் கபிலவஸ்துவுக்குச் சென்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஆனால் இருவர் சொல்லும் வழியும் தூரமும் ஒத்துப் போகவில்லை. அதனால் வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு நாள் நடைகூட இல்லை. நடுவில் போகிறது ஒரு தேச எல்லை. அவ்வளவுதான்.

எல்லைக்கோடு வந்த கதை

அந்த எல்லை எப்போது வந்தது? 1814-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர் மூண்டது. புட்வல், ஷியோராஜ் என்ற இரண்டு பகுதிகள் யாருக்குச் சொந்தம் என்பதே சண்டைக்குக் காரணம். இரண்டும் லும்பினி வட்டாரத்தைச் சேர்ந்தவை. 1816-ல் சுகௌலி உடன்படிக்கை அமலுக்கு வந்தது. நேபாளம் இழந்த சமவெளி நிலங்களில் ஒரு பகுதியை வெள்ளையர்கள் அதே ஆண்டும், பிறகு 1860-லும் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படி வந்ததுதான் இன்றைய எல்லை.

புத்தர் வாழ்ந்ததோ சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு. அன்று இந்த எல்லையும் இல்லை. இன்றைய இந்திய நாடும் இல்லை. இன்றைய நேபாள நாடும் இல்லை. கோசலம், மகதம் போன்ற ராஜ்யங்கள் இருந்தன. சாக்கியர், மல்லர், கோலியர் போன்ற குலத்தாரின் சிறிய நாடுகள் இருந்தன. சாக்கியருக்குள் பெரிய குடும்பத்தார் மன்றத்தில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அவர்களுக்கு மேலே கோசல மன்னனின் அதிகாரம் இருந்தது.

அரசனுக்குச் சொன்ன பதில்

"நீர் யார்? எந்தக் குலம்?" என்ற கேள்வியைப் புத்தரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகத மன்னன் பிம்பிசாரன்.

சித்தார்த்தர் வீட்டைத் துறந்த புதிது. ராஜகிருகத்தின் தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டு போனார். அவர் நடையின் கம்பீரத்தை மாடத்திலிருந்து பார்த்த பிம்பிசாரன், பின்தொடர்ந்து மலைக்கே சென்று விசாரித்தான். இமயமலைச் சாரலில், கோசலத்தில் வாழும் மக்களைச் சேர்ந்தவன் என்றார் அவர். சூரிய வம்சம், சாக்கிய குலம் என்றார். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன் என்றும் சொன்னார். இது பழைய பாலி நூலில் இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து, முதுமையில் புத்தரைக் காண வந்த கோசல மன்னன் பிரசேனஜித்தும் இதையே சொல்கிறான். பகவானும் கோசலத்தார், நானும் கோசலத்தான்; பகவானுக்கும் வயது எண்பது, எனக்கும் எண்பது என்று அவன் உரிமை கொண்டாடுகிறான்.

எந்த இனம்?

சாக்கியர் என்ன இனம் என்பதிலும் பல கட்சிகள் உண்டு. அவர்கள் மங்கோலிய இனம் என்றார் சரித்திர ஆசிரியர் வின்சென்ட் ஸ்மித். 'சாக்கியர்' என்ற பெயரை வைத்து, மத்திய ஆசியாவின் சகர்கள் வழிவந்தவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பெயர் ஒற்றுமையைத் தவிர இதற்குப் பலமான ஆதாரம் இல்லை.

புத்தரின் முகம் எப்படி இருந்தது? அஜாதசத்ரு மன்னன் ஒருநாள் இரவு அவரைப் பார்க்க வந்தான். மண்டபத்தில் பிக்குகள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் புத்தர் யார் என்று மன்னனுக்கு அடையாளம் தெரியவில்லை! பக்கத்தில் இருந்தவர் காட்டிய பிறகே தெரிந்தது. தோற்றத்தில் அவர் மற்றவர்களைப் போலவே இருந்தார் என்பதற்கு இது நல்ல சான்று.

அவருக்குச் சிலை செய்யும் வழக்கம் பல நூற்றாண்டு கழித்துத்தான் பரவியது. காந்தாரச் சிற்பி கிரேக்க முகம் கொடுத்தான். சீனச் சிற்பி சீன முகம் கொடுத்தான். ஒவ்வொரு நாடும் தன் பிள்ளையாகவே அவரைப் பார்த்தது.

பாலால் கழுவிய ஆசனம்

குலப் பெருமை என்ன செய்யும் என்பதைப் புத்தர் தம் கண்ணாலேயே பார்த்தார் என்கிறது ஒரு பழைய பௌத்தக் கதை.

பிரசேனஜித் சாக்கியரிடம் பெண் கேட்டான். தங்களைவிட உயர்ந்த குலம் உலகில் இல்லை என்று எண்ணியவர்கள் அவர்கள். பெண் கொடுக்க மனமில்லை, மறுக்கவும் பயம். ஆகவே ஒரு சாக்கியத் தலைவனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகளை, குலமகள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பிறந்தவன் விடூடபன்.

விடூடபன் வாலிபனானதும் ஆசையோடு பாட்டனார் ஊருக்கு வந்தான். திரும்பிப் போனான். அவன் உட்கார்ந்த பலகையை ஒரு வேலைக்காரி, 'அடிமை மகன் உட்கார்ந்த இடம்' என்று ஏசிக்கொண்டே பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவினாள். மறந்துபோன ஆயுதத்தை எடுக்க வந்த ஒரு சிப்பாய் இதைக் கேட்டுவிட்டான். செய்தி விடூடபன் காதுக்கு எட்டியது. "அந்த இடத்தை அவர்கள் ரத்தத்தால் கழுவுவேன்" என்று சபதம் செய்தான்.

அரசன் ஆனதும் படையோடு கிளம்பினான். புத்தர் முன்னே சென்று எல்லையில் காத்திருந்தார். கோசலத்தின் பக்கம் அடர்ந்த ஆலமரம். சாக்கியர் பக்கம் நிழலே இல்லாத சிறு மரம். புத்தர் அந்தச் சிறு மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டான் விடூடபன். சுற்றத்தாரின் நிழலே எனக்குக் குளிர்ச்சி என்றார் அவர். விடூடபன் படையைத் திருப்பிக்கொண்டு போனான். மூன்று முறை இப்படி நடந்தது. நான்காம் முறை புத்தர் போகவில்லை. சாக்கியர் வினை அவர்களைச் சூழ்ந்துவிட்டது. குலமே அழிந்தது.

பிறந்த மண்ணின் மீது புத்தருக்கு அன்பு இருந்தது. பிறந்த குலத்தின் கர்வம்தான் அவருக்கு இல்லை.

கடலில் கலந்த நதிகள்

சாக்கிய இளைஞர்கள் சிலர் துறவு ஏற்க வந்தார்கள். அவர்களோடு நாவிதர் உபாலியும் வந்தார். உபாலிக்கே முதலில் துறவு கொடுங்கள், நாங்கள் அவரை வணங்க வேண்டும். அப்போதுதான் எங்கள் கர்வம் ஒழியும் என்று அந்த இளைஞர்களே கேட்டார்கள். புத்தர் அப்படியே செய்தார். கங்கையும் யமுனையும் கடலில் சேர்ந்ததும் பெயரை இழப்பது போல, சங்கத்தில் சேர்ந்தவர்கள் சாதிப் பெயரை இழக்கிறார்கள் என்றார்.

இதற்குத் தமிழிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. தமிழில் 'சாக்கியர்' என்றால் பௌத்தர் என்று பொருள். அறுபத்து மூவரில் ஒருவரான சாக்கிய நாயனார் இமயமலைச் சாரலில் பிறந்தவர் அல்ல. தமிழ்நாட்டுக்காரர். காஞ்சியில் பௌத்தம் கற்று அந்தக் கோலத்தில் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. 1898-ல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பௌத்தச் சங்கத்துக்கும் சாக்கியர் பெயரே வைக்கப்பட்டது. ரத்தத்தால் வந்த பெயர், கொள்கையால் வரும் பெயராக மாறிவிட்டது!

விடை என்ன?

பிறந்த இடம், இன்றைய நேபாளத்தில் உள்ள லும்பினி. குலம் சாக்கியம். அன்றைய நாடு கோசலம். ஞானம் பெற்றதும் மறைந்ததும் இன்றைய இந்தியாவில். பிள்ளைகள் பள்ளியில் எழுத வேண்டிய சரியான விடை இதுதான். இதை ஒப்புக்கொள்வதால் நேபாளத்துக்கும் நஷ்டம் இல்லை. இந்தியாவுக்கும் நஷ்டம் இல்லை.

ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியரும் கோலியரும் ஆயுதம் எடுத்த கதை ஒன்று உண்டு. ஒரு தரப்பு புத்தரின் தந்தை வழி. மறு தரப்பு தாய் வழி. புத்தர் நடுவில் வந்து நின்று, தண்ணீர் விலை அதிகமா, மனித ரத்தத்தின் விலை அதிகமா என்று கேட்டார். இரண்டு தரப்பும் ஆயுதத்தைக் கீழே போட்டன.

புத்தர் யாருக்குச் சொந்தம் என்று அண்டை நாட்டார் சண்டை போட்டால், அவர் நிற்கும் இடமும் அதே நடு இடம்தான்.