காலை ஆறு மணியோடு காலாவதி

சென்ற வாரம், பங்குச் சந்தையில் ஆர்டர் போடும் வேலையை ஒரு புரோகிராம் ஏ.பி.ஐ. (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) வழியாக எப்படிச் செய்கிறது என்று பார்த்தோம். அந்தப் புரோகிராம் தரகு நிறுவனத்தின் சர்வரிடம் போனதும், அது யார், யாருடைய அனுமதியில் வந்திருக்கிறது என்று காட்டியாக வேண்டும். 2025 பிப்ரவரி 4 அன்று, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஒரே வழியை வைத்தது: ஓ-ஆத் முறை, அதாவது புரோகிராமிடம் பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டைத் தரும் முறை. மற்ற முறைகளைக் கைவிடச் சொன்னது. கூடவே இரண்டு கட்டச் சரிபார்ப்பும், தரகரிடம் முன்பே பதிந்து வைத்த மாறாத ஐ.பி. முகவரியும் கட்டாயம். மும்பை விக்ரோலியின் கண்ணம்வார் நகரில் வீட்டு இணைய இணைப்பை வைத்துச் சொந்தமாகப் புரோகிராம் எழுதுகிறவருக்கு இவை எல்லாமே தொல்லையாகத்தான் படும். அவர் மிகவும் சலித்துக்கொள்வது, டோக்கன் காலாவதியாவதால் தினமும் புதிதாக லாகின் செய்ய வேண்டியிருப்பதை. ஆனால் அவருடைய பணத்துக்கு மிகப் பெரிய காப்பு அந்தத் தினசரி லாகின்தான் என்பது என் வாதம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஜெரோதா என்ற தரகு நிறுவனத்தின் ஏ.பி.ஐ. சேவையான கைட் கனெக்டை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பாஸ்வேர்டைத் தருவது ஜெரோதாவின் சொந்தப் பக்கத்தில் மட்டும். புரோகிராமின் கண்ணில் அது படுவதே இல்லை. லாகின் முடிந்ததும் புரோகிராமுக்குச் சில நிமிடமே செல்லுபடியாகும் ஒரு தற்காலிக டோக்கன் வருகிறது. அதைத் தன் ஏ.பி.ஐ. எண்ணோடும் தரகரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத தன் ரகசியத்தோடும் சேர்த்து, எஸ்.எச்.ஏ.-256 கணக்கில் போட்டு அனுப்பினால்தான் ஆக்சஸ் டோக்கன் கிடைக்கும். விக்ரோலியைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்ரெஜின் லாக்கர்களை வங்கியில் பார்த்திருப்பீர்கள்: வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். இங்கும் தற்காலிக டோக்கனை மட்டும் திருடியவனுக்கோ, ரகசியத்தை மட்டும் திருடியவனுக்கோ எதுவும் கிடைக்காது. இப்படிப் பெற்ற ஆக்சஸ் டோக்கனும் மறுநாள் காலை 6 மணிக்குச் செத்துவிடும்.

'என் கணக்கு, என் கணினி. பாஸ்வேர்டைப் புரோகிராமிலேயே எழுதிவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்பது வழக்கமான கேள்வி. பலர் இன்னும் ஒரு படி மேலே போய், முப்பது நொடிக்கொருமுறை மாறும் ஆறிலக்க எண்ணை உருவாக்கும் ரகசியத்தையும் அதே ஃபைலில் வைத்து லாகினைத் தானியங்கி ஆக்கிவிடுகிறார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு அந்த நிமிடமே ஒரு கட்டமாகிவிடுகிறது. ஃபைல் ஒன்று கைமாறினால் கணக்கு முழுவதும் கைமாறும். இந்தப் பழக்கத்தின் ஆபத்தை உலகம் முன்பே பார்த்துவிட்டது. ட்விட்டரோடு இணைந்து இயங்கிய செயலிகள் ஒரு காலத்தில் பயனரின் பாஸ்வேர்டையே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டன. ஒரு செயலியை விலக்க வேண்டுமானால் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாவற்றிலும் மறுபடி எழுத வேண்டும். 2010 ஆகஸ்ட் இறுதியில் ட்விட்டர் அந்த வழியை அடைத்து ஓ-ஆத்துக்கு மாறியது.

அந்தக் கேள்வியைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. டோக்கனும் திருடுபோகும், அதை வைத்திருப்பவனையே உரிமையாளனாக சர்வர் எடுத்துக்கொள்ளும். முழுக்க உண்மை. 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சி.ஐ. ஆகிய மென்பொருள் சேவைகளுக்கு வழங்கப்பட்ட ஓ-ஆத் டோக்கன்களைத் திருடியவர்கள், நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் பல நிறுவனங்களின் தனிப்பட்ட நிரல்களை இறக்கிக்கொண்டார்கள். அவை தினமும் காலாவதியாகும் டோக்கன்கள் அல்ல; யாராவது கவனித்து ரத்து செய்யும்வரை உயிரோடு இருந்தவை. திருட்டை உடனே கண்டுபிடிப்போம் என்று யாரும் உறுதி தர முடியாத நிலையில், யாரும் கவனிக்காவிட்டாலும் தானாகச் சாகும் டோக்கனே மேல். இடைப்பட்ட அந்த ஒரு நாளுக்குத்தான் மாறாத ஐ.பி. நிபந்தனை: டோக்கன் கையில் இருந்தாலும் வேறு முகவரியிலிருந்து ஆர்டர் போக முடியாது.

அந்த ஐ.பி. நிபந்தனையில் மட்டும் எனக்கு நெருடல் உண்டு. வீட்டு இணைய இணைப்புகளில் முகவரி பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத முகவரிக்குத் தனிக் கட்டணம். பெரிய நிறுவனங்களுக்கு அது பொருட்டல்ல, சிறு முதலீட்டாளருக்குச் செலவு. தான் எழுதிய புரோகிராமை மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் பயன்படுத்தலாம் என்று செபி இடம் கொடுத்திருப்பது அந்தச் செலவை ஓரளவு பகிர்ந்துகொள்ள உதவும். மீதிச் சுமையைத் தரகு நிறுவனங்கள் ஏற்க வேண்டும், ஏ.பி.ஐ. வழியாக வரும் ஆர்டர்களில் அவர்களுக்கு வருமானம் இருக்கிறது.

(தொடரும்)