பெட்ரோலா, டீசலா? மலையடிவாரத்து வண்டிக் கணக்கு

வங்கியில் 34 வருடம் அடுத்தவர் வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். என் வண்டி என்று வந்தபோது மூன்று மாதம் முழித்தேன்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறேன். மாதம் இரண்டு முறை வெள்ளிமலையைத் தாண்டி உள்ள ஊர்களுக்குப் போய் சாமையும் விதையும் வாங்கி வருவேன். ஓய்வு பெற்றபோது வாங்கிய பழைய டீசல் ஜீப்புக்கு 15 வருடம் முடிந்துவிட்டது, புகையும் தள்ள ஆரம்பித்தது. "டீசலே எடுங்க சார், மைலேஜ் கொடுக்கும்" என்றார் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி. பாதி உண்மைதான்.

நோட்டை எடுத்தேன். வருடத்துக்கு 6,000 கி.மீ. ஓட்டம். கணக்குப் போட்ட அன்று பெட்ரோல் சுமார் 101 ரூபாய், டீசல் 93. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் சொன்ன மைலேஜை வைத்துக்கொண்டேன்.

மகிந்திரா தார் பெட்ரோல், லிட்டருக்கு 8 கி.மீ.: வருடம் 75,750 ரூபாய்.
தார் டீசல், 11 கி.மீ.: சுமார் 50,700.
மாருதி ஜிம்னி பெட்ரோல், 12 கி.மீ.: 50,500.

ஒரே வண்டியில் பார்த்தால் டீசல் வருடம் 25,000 மிச்சம் பிடிக்கிறது. ஆனால் ஜிம்னியோடு வைத்தால் அந்த மிச்சம் காணாமல் போகிறது. காரணம் எடை. ஜிம்னி சுமார் 1,200 கிலோ, தார் 1,700-க்கு மேல். எனக்கு வந்த கொட்டேஷனில் தார் டீசலுக்கு வரி, இன்சூரன்ஸ் சேர்த்து 3 லட்சம் கூடுதல். அதை 7 சதவீத டெபாசிட்டில் போட்டாலே வருடம் 21,000 ரூபாய் வட்டி. இந்த வட்டியை யாரும் வண்டிச் செலவில் எழுதுவதில்லை.

இன்னொன்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் இன்ஜின் நன்றாகச் சூடாகி, ஓரளவு வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் 3 கி.மீ. மட்டுமே ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். செலவும் பெரிது.

டீசலுக்கு உரிய இடமும் உண்டு. தார் டீசலின் இழுவிசை 300 நியூட்டன் மீட்டர், அதுவும் குறைந்த சுற்றிலேயே. ஜிம்னிக்கு 134 தான். தினமும் பாரத்தோடு மேடு ஏறுபவர், டிரெய்லர் இழுப்பவர் டீசலே எடுக்கட்டும். எனக்கு மூட்டை அதிகமானால் வாடகை பிக்கப் போதும்.

சரி, நாலு சக்கர இழுவை வேண்டுமா? டைரியைப் பார்த்தேன். போன வருடம் அந்த லீவரைப் போட்டது 23 நாள். 23 நாளுக்காக இத்தனை லட்சமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த 23-இல் ஒன்று கார்த்திகை மாத இரவு. விதைக்காகப் போன ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. மண் ரோடு சேறாகிக் கிடந்தது. முன்சக்கரமும் சேர்ந்து இழுத்ததால் தார் ரோடு வரை வந்து, அங்கே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். தாயும் பிள்ளையும் நலம். இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று வங்கி எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஜிம்னியை எடுத்தேன். நீங்களும் அதையே எடுங்கள் என்று சொல்லமாட்டேன். வண்டி வாங்கும் முன் மூன்று மாதம் ஒரு நோட்டு போடுங்கள்: எத்தனை கி.மீ., எத்தனை மூட்டை, எத்தனை நாள் சேறு. மீதி முடிவை அந்த நோட்டே சொல்லும்.