மசூலாப் படகுக்குப் பின்னால் தெரியும் மணல்

சென்னையின் பழைய பட அஞ்சலட்டைகளைப் புரட்டினால் ஒரு காட்சி சலிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும். நுரை தள்ளும் அலை, அதன்மேல் மூக்கைத் தூக்கி நிற்கும் மசூலாப் படகு, துடுப்பை ஓங்கிய ஏழெட்டுப் பேர். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இங்கே வந்துபோன ஐரோப்பியர்கள் ஊருக்கு அனுப்பப் பொறுக்கிய அட்டைகளில் இந்தப் படகுக்குத் தனி மவுசு இருந்தது. ஹிக்கின்பாதம்ஸ் விற்றது, வீல் அண்ட் க்ளைன் ஸ்டூடியோ எடுத்து விற்றது, லண்டனில் இருந்த ரஃபேல் டக் கம்பெனியும் சென்னைக் காட்சிகளை அச்சிட்டது.

சேகரிப்பவர்கள் படகைப் பார்த்து விலை பேசுவார்கள். எனக்கு அந்த அட்டைகளில் பிடித்தது படகுக்குப் பின்னால் கிடக்கும் கரை. படம் எடுத்தவர் அதை எடுக்க நினைக்கவேயில்லை. அதனாலேயே அது நம்பத்தக்க சாட்சி.

முதலில் படகு எதற்கு என்று பார்த்துவிடலாம். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். அலை ஒன்று தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள நீருக்கு வந்ததும் நிலைகுலைந்து உடைகிறது. அந்த உடைப்பு வரிசையில் ஆணியடித்த கப்பல் படகு தரைதட்டினால் பலகை பிளக்கும். மசூலாப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்திருப்பார்கள். மோதும்போது தையல் நெகிழும், பலகை வளையும், படகு பிழைக்கும். அதை ஓட்டிய படகுக்காரச் சமூகத்தின் பணத்தில் எழுந்ததுதான் ராயபுரத்தின் புனித ராயப்பர் ஆலயம். அட்டைகளிலோ அவர்கள் பெயரற்ற ‘நேட்டிவ்’ ஆட்கள். கோயில் கட்டும் அளவுக்குக் கையில் காசு வைத்திருந்தவர்களை வேடிக்கைப் பொருளாக்கி அரையணாவுக்கும் ஓரணாவுக்கும் விற்ற வியாபாரம் அது என்பதை மறந்துவிட்டு இந்த அட்டைகளை ரசிக்க என்னால் முடிவதில்லை.

ஒரு அட்டை சாட்சி சொல்ல வேண்டுமானால் அதன் வயது தெரியவேண்டும். அஞ்சலட்டை என்ற யோசனையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு, 1869இல். இந்தியாவில் காலணா கார்டு 1879இல் வந்தது. பிரிட்டனில் தனியார் அச்சிட்ட பட அட்டைகளை 1894 முதல் தபாலில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும்தான். நலம் விசாரிப்பதைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். 1902இல் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க பிரிட்டன் அனுமதித்தது. மற்ற நாடுகள் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. ஆகவே கோடில்லாத பின்பக்கமும், படத்தின் வானத்தில் கிறுக்கிய கையெழுத்தும் இருந்தால் அட்டை பெரும்பாலும் அந்த நூற்றாண்டுத் திருப்பத்தைச் சேர்ந்தது. தபால்தலையில் தாடிவைத்த எட்வர்டு இருந்தால் 1902க்குப் பிறகு. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 அல்லது அதற்குப் பின். உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் காலணாவிலிருந்து அரையணாவானது 1922இல். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தபால் முத்திரை அட்டை போன நாளைச் சொல்லும், படம் எடுத்த நாளைச் சொல்லாது. நன்றாக விற்ற நெகட்டிவைப் பல ஆண்டுகள் வைத்து வைத்து அச்சிட்டார்கள். படம் இந்தத் தேதிக்குப் பிந்தியதல்ல என்ற ஒரு எல்லையைத்தான் முத்திரை தருகிறது. மறு எல்லையைப் படத்துக்குள்ளேயே தேடவேண்டும். கடலிலிருந்து எடுத்த படத்தில் உயர்நீதிமன்றக் கோபுரம் தெரிந்தால் அது 1892க்கு முன்னால் இருக்க வழியில்லை. தெருவில் டிராம் வண்டி தெரிந்தால் 1895க்குப் பின். எரியும் எண்ணெய்த் தொட்டிகள் என்றால் சந்தேகமே வேண்டாம்: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே நின்று பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டது. அந்தச் சேதத்தின் படங்களும் அஞ்சலட்டையாகி விற்றன. நகரம் பயந்து ஓடிய சம்பவத்தையும் நினைவுப்பொருளாக்கிக் காசு பார்க்க யாருக்கோ தோன்றியிருக்கிறது!

அடுத்தது உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். சில அட்டைகளில் படம் ஒழுங்கான புள்ளிகளாக உடைந்துபோகும். அவை வலைத்திரை வழியே அச்சானவை. புள்ளியைவிடச் சிறிய எதுவும் அங்கே பதிவாகவில்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் வராது. வேறு சிலவற்றில் புள்ளியே இல்லாமல், காய்ந்த ஏரி மண்போல் நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். அது கொல்லோடைப் என்ற முறை. கண்ணாடித் தட்டில் குரோமிய உப்பு கலந்த ஜெலட்டினைப் பூசி, நெகட்டிவ் வழியே வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் ஜெலட்டின் இறுகிவிடும். படாத இடம் நீரை உறிஞ்சும். எண்ணெய் மையை உருட்டினால் இறுகிய இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளும். இடையில் பாதி இறுகிய இடம் பாதி மையைப் பிடிப்பதால் சாம்பல் நிறத்தின் எல்லாப் படிகளும் கிடைக்கின்றன. நல்ல கொல்லோடைப் அட்டையைப் பெரிதாக்கினால் தூரத்துக் கட்டுமரத்தில் இருப்பவர் நிற்கிறாரா குந்தியிருக்கிறாரா என்றுகூடச் சொல்லலாம். கரை எங்கே முடிகிறது என்று தேடுபவருக்கு இந்த வகைதான் தங்கம்.

வண்ணத்தை மட்டும் நம்பக்கூடாது. முதல் உலகப்போர் வரை இந்தியக் காட்சி அட்டைகளில் கணிசமானவை ஜெர்மனியில் அச்சாயின. கறுப்பு வெள்ளைப் படம் அங்கே போகும். வங்கக்கடலை வாழ்நாளில் பார்த்திராத ஒருவர் கடலுக்குப் பச்சையும் வானத்துக்கு ரோஸும் பூசுவார். வானத்து மேகமும் பல அட்டைகளில் கைவேலைதான். அன்றைய படத்தட்டுகளின் வெள்ளி உப்பு நீல ஒளிக்கு அளவுக்குமீறி மசிந்தது, சிவப்பைக் கண்டுகொள்ளவேயில்லை. நீல வானமும் வெண்மேகமும் ஒன்றாக வெளுத்துப்போக, வெற்றிடத்தில் அச்சகத்தார் மேகம் வரைந்தார்கள். செம்பழுப்பு நிறங்கள் இதே காரணத்தால் இருண்டன. படகுக்காரர்கள் அட்டைகளில் நிஜத்தைவிடக் கறுப்பாகத் தெரிவதில் வெயிலின் பங்கைவிட வேதியியலின் பங்கு அதிகம்.

இப்போது மணலுக்கு வரலாம். அலை கரையை நேராக வந்து தொடுவது அபூர்வம். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் சென்னைக் கரைக்கு அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வருகின்றன. ஏறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. இறங்கும் நீர் சரிவின் வழியே நேராகக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல்துகள் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் திசை மாறித் தெற்கே போகும். ஆனால் வடக்கு நோக்கிய பருவம் நீளமானது. வரவு செலவு பார்த்தால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே பயணம் போகிறது.

1861இல் கட்டிய இரும்புப் பாலத்துறை இந்தப் பயணத்தைத் தடுக்கவில்லை. அது தூண்களின்மேல் நின்றது. மணல் அடியில் புகுந்து போனது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய துறைமுகம் வேறு சாதி. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குக் கடலுக்குள் நீளும் இரண்டு கெட்டிச் சுவர்கள், கிழக்கே ஒரு வாசல். வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அதை நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். தெற்குச் சுவரில் மணல் வந்து முட்டிக் குவிந்தது. குவிந்தது போக மிச்சம் சுவரைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலைத் தூர்க்கத் தொடங்கியது. 1904இல் பொறுப்பேற்ற பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கில் புது வாசல் திறந்தார். ஆகவே துறைமுக அட்டையில் வாசல் எந்தப் பக்கம் என்பதும் வயது சொல்லும் அடையாளமாகிவிட்டது.

கோட்டை மதிலுக்கு அருகே ஒரு காலத்தில் அலையடித்தது என்றால் இன்று கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் நம்பமாட்டார்கள். நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் மெரினாவின் அகலம் பெரும்பாலும் துறைமுகச் சுவர் பிடித்துவைத்த மணல். அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். வரவு நின்ற பிறகும் கடல் தன் செலவை நிறுத்தவில்லை. வடக்கே கரை அரிக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. துறைமுகம் பெரிதாகப் பெரிதாக அரிப்பும் வடக்கே நகர்ந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, எண்ணூர் விரைவுச்சாலையே ஆபத்தில் நின்றது. கருங்கல்லைக் கொட்டினார்கள், இந்த நூற்றாண்டில் கடலுக்குள் கற்சுவராக நீளும் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவை ஒவ்வொன்றும் தன் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம் மணலைப் பிடிக்கிறது. பிடித்த அளவுக்கு அடுத்த குப்பத்துக்குக் குறைகிறது. துறைமுகம் பெரிய அளவில் செய்த அதே காரியத்தைச் சிறிய அளவில் செய்யும் வைத்தியம் இது.

தென்சென்னை வாங்கியதும் வடசென்னை கொடுத்ததும் ஒரே மணல் என்பதற்கு அட்டையிலிருந்து அளவு எடுக்க முடியுமா? ஓரளவு முடியும். கடல் தெரியும் எந்தப் படத்திலும் அடிவானக் கோடு கேமராவின் உயரத்தைக் காட்டிக்கொடுக்கும். சமதரையில் நிற்கும் ஆட்கள், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், எல்லோரையும் அந்தக் கோடு உடம்பில் ஒரே உயரத்தில்தான் வெட்டும். கழுத்தில் வெட்டினால் கேமரா கழுத்துயரத்தில் இருந்தது என்று பொருள். அருகில் நிற்பவர் அட்டையில் 20 மில்லிமீட்டர், நீர் விளிம்பில் நிற்பவர் 2 மில்லிமீட்டர் என்றால் அவர் பத்து மடங்கு தூரத்தில் இருக்கிறார். கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க நில அளவையாளர்களின் பழைய உத்தி இருக்கிறது: இடம் மாறாத மூன்று கட்டடங்கள் படத்தில் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகித் தெரிகின்றன என்று பார்ப்பது. உயர்நீதிமன்றக் கோபுரம், அதே வளாகத்தில் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கலங்கரைத் தூண், 1884இல் திறந்த தலைமைத் தபால் நிலையம் மூன்றும் இன்றும் இருக்கின்றன. நாம் ஓரடி இடம் மாறினால் அவற்றின் இடைவெளிகள் மாறும். அட்டையில் உள்ள அதே இடைவெளிகள் தெரியும் இடம்தான் கேமரா நின்ற இடம்.

பிழைகள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஓதமும் வற்றமும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் அதனால் வரும் தவறு சிறியது. பருவத்தால் வரும் தவறு பெரியது. வாடை முடிந்த கையோடு இருக்கும் கரையும் ஆடியில் இருக்கும் கரையும் ஒன்றல்ல. அட்டையில் மாதம் எழுதியிருக்காது. ஆகவே ஒற்றை அட்டையை வைத்துக் கரை இத்தனை மீட்டர் என்று சாதிப்பவரை நான் சந்தேகிப்பேன். பத்து அட்டைகள் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்புவேன்.

அந்தப் பத்து அட்டைகள் சேர்வதுதான் பாடு. ஏனென்றால் பட அட்டை ஊரைவிட்டுப் போவதற்காகவே பிறந்த பொருள். சென்னையில் வாங்கியவை பிரிட்டனின் அலமாரிகளில் உறங்கி, இன்று அங்கிருந்து ஏலத்தில் பவுண்டு கணக்கில் திரும்பி வருகின்றன. டக் கம்பெனியின் மூலப் படங்களும் பதிவேடுகளும் 1940 டிசம்பர் 29 அன்று லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அச்சான அட்டைகளே இனி மூலம். சென்னை, பெங்களூரு அட்டைகளை நகர வரலாறாகப் படிக்கும் கண்காட்சி ஒன்று 2018இல் நடந்தது, அதுவும் லண்டனில்தான், சோவாஸ் கல்லூரியின் புரூனை காட்சிக்கூடத்தில்.

வந்து சேர்ந்த அட்டைகளையும் நம் காற்று சும்மா விடாது. ஜெலட்டின் ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி வெடிக்கும். மரக்கூழ் அட்டையில் உள்ள லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பாகும். ராமபாணப் பூச்சிக்கு அட்டையின் பசை விருந்து. கடைகளில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. ஆல்பத்தில் வைத்தால் பிளாஸ்டிக்கே அமிலம் கக்கி அட்டையைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை தேவலை. வேப்பிலையும் நாஃப்தலீன் உருண்டையும் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள், உருண்டையின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் எந்த உறையாலும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. அட்டைக்காரர்கள் பயணிகள் போன இடத்துக்குத்தான் போனார்கள்: மவுண்ட் ரோடு, உயர்நீதிமன்றம், மெரினா, துறைமுகம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்துக்கு அப்பால் கேமரா வடக்கே சென்றது குறைவு. மணலை இழந்த பக்கத்துக்குப் படம் குறைவு, மணலைப் பெற்ற பக்கத்துக்கு ஏராளம். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும் குடும்பப் படங்கள். மாப்பிள்ளை அழைப்பு, மாதா தேர், கடலோரம் நிறுத்திவைத்து எடுத்த பள்ளிப் பிள்ளை, பின்னால் கொஞ்சம் கரை. 1960களின் படமானாலும் சரி, 1980களின் படமானாலும் சரி, அந்தக் கொஞ்சம் கரை கணக்குக்கு உதவும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே எந்தத் தெரு, எந்த ஆண்டு, நினைவிருந்தால் எந்த மாதம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதுவது பென்சிலாக இருக்கட்டும். பால்பாயின்ட் மை பல ஆண்டுகள் கழித்து முன்பக்கம் ஊறும், அதன் அழுத்தம் படத்தில் தழும்பாக எழும்.