கடல் கடந்து வந்த மலை

எங்கள் வீட்டு முன் அறைச் சுவரில் நெடுங்காலமாக மூன்று பொருட்களே தொங்கின. ஆயத்துல் குர்ஸி எழுதிய பலகை, கஃபாவின் படம் போட்ட கலண்டர், ஐந்து நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடு. நான்காவதாக ஓர் ஓவியம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த நாள்முதல் அந்த ஆசை வளர்ந்தது.

எங்கள் வீட்டில் உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டுவதில்லை. ஆகவே மலையொன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ஃபூஜி மலை அது. சிவந்த மலை, நீல வானம், வரிவரியாக வெண்முகில், அடிவாரத்தில் பச்சைக் காடு. வேறொன்றும் அதில் இல்லை. சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது உறவினர்கள் தந்த பணத்தையும் இரண்டு பெருநாள் காசையும் சேர்த்தேன். நானா தன் வங்கி அட்டையால் வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணம் செலுத்தினார். ஐந்து வாரங்களில், நீண்ட அட்டைக் குழாயினுள் சுருண்டபடி அது வந்து சேர்ந்தது.

கடல் கடந்து வரும்போது அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மாரியை அதனால் தாங்க முடியவில்லை. அதைப் பழுதாக்கியது கடலும் அல்ல, தபாலும் அல்ல. நாங்கள் ஆசையோடு போட்ட பிரேம். அதன் பிறகே இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். முன்னரே அறிந்திருக்க வேண்டியவற்றை, என்னைப் போல் ஆசைப்படும் தோழியருக்கும் அவர்களது பெற்றோருக்கும் இங்கே சொல்கிறேன்.

அச்சுப்படம் என்பது என்ன?

அச்சுப்படம் என்றவுடன், எங்கோ ஓர் 'உண்மையான' ஓவியம் இருக்கிறது, இது அதன் நகல் என்றே நாம் நினைக்கிறோம். ஹொக்குசாயின் மலைக்கு அது பொருந்தாது. அவர் 1760 இல் பிறந்து 1849 இல் மறைந்தவர். 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற தொடரை 1830ஆம் ஆண்டளவில், எழுபது வயதை அடைந்த பின்னரே வெளியிட்டார். அதற்குக் கிடைத்த வரவேற்பினால் பின்னர் பத்துப் படங்கள் சேர்ந்து, மொத்தம் 46 ஆயின.

அவர் மெல்லிய தாளில் கோடுகளாக வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டி, கோடுகளை விட்டு மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார். அந்த வேலையிலேயே ஓவியர் வரைந்த தாள் அழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. அச்சிடுபவர் ஈரமாக்கிய தாளைப் பலகைமேல் வைத்து, முதுகுப் பக்கத்தில் கையால் தேய்த்து நிறத்தை ஏற்றுவார். செலவையும் விற்பனையையும் பார்த்தவர் வெளியீட்டாளர். இப்படி நால்வரது உழைப்பில் வந்த அந்தத் தாள்தான் மூலம். அதற்கு அப்பால் வேறு மூலம் கிடையாது.

வானத்தில் தெரியும் அந்த நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. 'பிரஷ்ய நீலம்' எனப்படும் அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நிறம். அது கப்பல் வழியே ஜப்பானை அடைந்தது. ஜப்பானியருக்கும் ஒரு காலத்தில் அந்த நிறம் வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்தான்.

நாம் வாங்குவது எதை?

இன்று அதே மலையை மூன்று வகையாக வாங்கலாம். முதலாவது, அக்காலப் பலகைகளிலேயே எடுக்கப்பட்ட பழைய பிரதி. அது நமக்கு எட்டாது. அதே தொடரிலுள்ள 'பேரலை'யின் பழைய பிரதி ஒன்று 2023 மார்ச் மாதத்தில் நியூயோர்க் ஏலத்தில் 27 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. இரண்டாவது, இன்றைய கைவினைஞர்கள் புதிதாகப் பலகை செதுக்கி, பழைய முறைப்படி கையால் அச்சிடுவது. டோக்கியோவிலுள்ள அடாச்சி நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. மூன்றாவது, பழைய பிரதியைப் படமெடுத்து இயந்திரத்தில் அச்சிடுவது. நான் வாங்கியது இந்த மூன்றாவது வகையே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த வகையை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி, நமது ஆய்வுகூடத்திலுள்ள கைவில்லை. அதனால் பார்க்கும்போது நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரிந்தால், அது பத்திரிகை, கலண்டர் அச்சிடும் 'ஒஃப்செட்' முறை. ஒழுங்கில்லாமல் மிக நுண்ணிய தூவலாகத் தெரிந்தால் மைதெளிக்கும் இயந்திரம். 'ஜிக்லே' என்ற பிரெஞ்சுப் பெயரில் விற்கப்படுபவை இந்த வகைதான். பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. புள்ளியே இல்லாமல் நிறம் ஒரே பரப்பாக இருந்து, தாளின் முதுகுப் பக்கத்திலும் நிறம் ஊறித் தெரிந்தால், அது பெரும்பாலும் கையால் எடுத்த மரச்செதுக்கு அச்சு.

சில படங்களின் ஓரத்தில் பென்சிலால் 12/50 என்று எழுதியிருக்கும். ஐம்பது பிரதிகள் மட்டுமே எடுக்கப்பட்டன, இது பன்னிரண்டாவது என்பது அதன் பொருள். 170 ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரின் படத்தை இன்று இயந்திரத்தில் அச்சிட்டு, அப்படி எண்ணிட்டு விலையைக் கூட்டினால் சற்று யோசிக்க வேண்டும். அவரது படைப்புகளுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் போன்றவை தம்மிடமுள்ள பழைய படங்களைத் தெளிவான அளவில் இலவசமாகவே வழங்குகின்றன. ஆகவே இயந்திர அச்சுக்கு நாம் கொடுக்கும் பணம் படத்துக்கு அல்ல, தாளுக்கும் மைக்கும். இரண்டு கேள்விகளைக் கேட்டே வாங்க வேண்டும். தாள் அமிலமற்ற பருத்தித் தாளா? மை நிறத்துணிக்கை மையா, சாயமா? சாய மை விரைவில் மங்கும்.

பணம் செலுத்துமுன்

அளவைக் கவனமாகப் பாருங்கள். சிலர் படத்தின் அளவைத் தருவார்கள், சிலர் வெள்ளை ஓரத்தையும் சேர்த்துத் தாளின் அளவைத் தருவார்கள். அங்குலமா சென்ரிமீற்றரா என்பதும் முக்கியம். நான் ஒரு பழைய தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்தேன். அது ஒன்றாவது சரியாக நடந்தது.

விலையைப் பொறுத்தவரை, படத்தின் விலை மட்டும் செலவு அல்ல. சுங்கத்தில் வரி விதிக்கப்படும்போது, பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்தே பெறுமதி கணிக்கப்படும். டொலரின் விலையும் நம் கையில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே பிரேமுக்கான பணத்தையும் ஒதுக்கிவைத்த பிறகே படத்தை வாங்க வேண்டும். நான் எல்லாவற்றையும் படத்துக்கே செலவழித்துவிட்டு, மிச்சக் காசில் பிரேம் போட்டேன்.

குழாயில் வந்த படத்தை வந்தவுடன் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தக் கூடாது. தாளின் இழைகள் முறியும். கையைக் கழுவித் துடைத்து, இரு கைகளாலும் எடுத்து, இரண்டு சுத்தமான தாள்களுக்கிடையே விரித்து, மேலே தட்டையான பாரம் வைத்து இரண்டு நாள் விட்டால் தானாகவே நிமிரும்.

நான் செய்த பிழை

எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. சுருள் நிமிராத படத்தை அன்றே பிரேம் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். "சுருக்கம் தெரியாமல் நல்லா இழுத்து ஒட்டித் தாங்க" என்று சொன்னவள் நானே. அவர் ஹாட்போட் பலகையில் பசை பூசி, படத்தை முழுதாக ஒட்டி, அதன்மேல் கண்ணாடியை அழுத்தி, சுற்றிவரச் சட்டம் அடித்துத் தந்தார். பார்க்க மிக அழகாக இருந்தது.

கார்த்திகை மாதம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் மலையின் அடிவாரத்தில் உள்ளங்கை அளவில் ஒரு கருமை தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. பிரேமைக் கழற்றிக் கண்ணாடியை இழுத்தபோது, அடிவாரக் காடு தாளை விட்டுக் கண்ணாடியோடு வந்துவிட்டது.

காரணம் இதுதான். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்தால் சுருங்கும். முழுதாக ஒட்டப்பட்டதால் அதற்கு அசைய இடமில்லை. கண்ணாடி குளிரும்போது அதன் உட்புறத்தில் படியும் ஈரம் நேரே தாளில் ஊறியது. மை இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டது. சாரீரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் பூஞ்சணமும் வளரும். கடற்கரை ஊர்களில் மாரிக்கு அது சாதாரணம். இவை போதாதென்று, மரக்கூழால் செய்த பலகையிலும் மலிவான அட்டையிலும் உள்ள இலிக்னின் காலப்போக்கில் அமிலத்தை வெளிவிட்டுத் தாளை மஞ்சளாக்கும், நொறுங்கவைக்கும்.

சரியான பிரேம்

நல்ல பிரேமுக்கு ஒரே விதிதான்: எப்போது வேண்டுமானாலும் படத்தைச் சேதமின்றி வெளியே எடுக்க முடிய வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்தே வருகின்றன.

முதலில், கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையில் நடுவே சாளரம் வெட்டிய 'மவுண்ட்' அட்டை ஒன்று வேண்டும். அது அழகுக்காக மட்டும் அல்ல; அதன் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புத்தான் படத்துக்கு மூச்சுவிடும் இடம். படம் 10 × 15 அங்குலம் என்றும், நான்கு பக்கமும் 3 அங்குல மவுண்ட் என்றும் வைத்தால், பிரேமின் உள்ளளவு 16 × 21 அங்குலமாகும். கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பசையும் செலோடேப்பும் வேண்டாம். அமிலமற்ற தாளை மடித்து நான்கு முக்கோண உறைகள் செய்து, படத்தின் மூலைகளை அவற்றுள் செருகி, உறைகளை மட்டும் பின்னட்டையில் ஒட்டலாம். அருங்காட்சியகங்களில் ஜப்பானியத் தாள் துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டு முறையிலும் தாள் தன் விருப்பப்படி விரிந்து சுருங்கும்.

மூன்றாவது, மவுண்டும் படத்தின் பின்னால் வரும் அட்டையும் அமிலமற்றவையாக இருக்க வேண்டும். ஹாட்போட் போடுவதானால், அதற்கும் படத்துக்கும் இடையே அமிலமற்ற அட்டை கட்டாயம். கடைசியாகப் பின்புற விளிம்பைத் தாள் நாடாவால் மூடினால் தூசியும் இராமபாணப் பூச்சியும் எளிதில் உள்ளே போகமாட்டா.

மாட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குசினிக்குப் பக்கத்துச் சுவர், வெயில் நேரே விழும் சுவர் மூன்றையும் தவிர்க்க வேண்டும். பிரேமின் கீழ்மூலைகளில் சிறு இறப்பர்த் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும். கழியூதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி நல்லதே. ஆயினும் சாதாரண வெளிச்சமும் மெல்ல மெல்ல நிறத்தை எடுக்கும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களைச் சுமார் 50 லக்ஸ் என்ற மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுகின்றன.

மூத்தம்மாவின் தாள்

இவ்வளவையும் நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில், மூத்தம்மா தன் அலுமாரியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய வாப்பா அரபுத் தமிழில் கைப்பட எழுதிய ஒரு பக்கம். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "இதை லெமினேட் பண்ணிட்டால் பத்திரமாக இருக்கும்" என்று வாப்பா அதை எடுத்துக்கொண்டு புறப்படத் தயாரானார். நான் ஓடிப்போய் மறித்தேன். லெமினேட் செய்வது சூட்டில் பசையை உருக்கித் தாளோடு ஒன்றாக்குவது. பிறகு யாராலும் எளிதில் பிரிக்க முடியாது. என் மலையைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது போல் அந்த எழுத்தையும் பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து, நல்ல தாளில் அச்சிட்டோம். மூலம் இப்போது அமிலமற்ற தாளுறை ஒன்றில், வெளிச்சம் படாத காய்ந்த இடத்தில் இருக்கிறது. அச்சிட்ட பிரதியை மவுண்ட் வைத்து, மூலை உறைகளில் செருகி, அதே கடையில் பிரேம் போட்டோம். இம்முறை என்ன செய்ய வேண்டும் என்று நானே சொன்னேன். அவரும் ஆர்வமாகக் கேட்டுச் செய்து தந்தார். முன் அறையின் நான்காவது இடம் அதற்குக் கிடைத்தது. மூத்தம்மா ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு அதன் கீழே உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.

அடிவாரம் இல்லாத மலை என் மேசைக்கு மேலே இருக்கிறது. அதை எறிய மனம் வரவில்லை. அடுத்த மலைக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டேன். இம்முறை பிரேமுக்கான பங்கை முதலில் எடுத்துவைக்கிறேன்.