கப்பு எத்தனை? (தாள்களின் கதை – 11)

வருகைப் பதிவேடு, 75 சதவீதம், வருகை குறைந்தால் கட்டும் கண்டோனேஷன் கட்டணம்... போன வாரம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மறுமதிப்பீட்டுக்குள் நுழைவதாக இருந்தேன். நுழையவிடாமல் ஒரு சொல் வழிமறித்துவிட்டது: கப்பு.

கண்டாச்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. செமஸ்டர் ரிசல்ட் வந்த சாயங்காலம். விழுப்புரம் காக்குப்பத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிக்கு பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் பையன்கள் இருவர் ஒரே செல்போன் மேல் குனிந்திருந்தார்கள். பதிவு எண், பிறந்த தேதி, கேப்ட்சா. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்ததும் ஒருவன், "எத்தனை கப்புடா?" என்றான்.

"ரெண்டு. மேத்ஸு திரும்பவும் ஊத்திக்கிச்சு."

"எனக்கு ஒண்ணுதான். அப்போ நீதான் மச்சான் ட்ரீட்டு."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பிரிண்ட் போட்டுடவா தம்பி?"

"ஐயோ, வேணாம்ணே!" இரண்டு குரலும் சேர்ந்து வந்தன.

அரியருக்குக் கப்பு என்று பெயர் வைத்த புண்ணியவான் வாழ்க. பந்தயத்தில் ஜெயித்தவன் தூக்கிக் காட்டுகிற சாமானின் பெயரைத் தோற்ற பேப்பருக்குச் சூட்டிவிட்டான். தோல்விக்கு வேறு பெயர் வைப்பது, பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் கமிட்டி போட்டுச் செய்கிற காரியம், இங்கே ஹாஸ்டல் அறையிலேயே முடிந்துவிட்டது. அரியர் 'வைக்கிறார்கள்', அரியரை 'கிளியர் பண்ணுகிறார்கள்'. நிற்பது பேப்பர்தான், ஆள் இல்லை. வீட்டுக்குள் வந்தால்தான் பையனே ஃபெயில். அரசு ஊழியர் வீடென்றால் இன்னும் வேடிக்கை: அப்பாவுக்கு டி.ஏ. அரியர் வந்தால் கறிக்குழம்பு, மகனுக்கு அரியர் வந்தால் திட்டு.

அண்ணா பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. 2013 ஒழுங்குமுறையில் படித்தவர்களுக்குத் தேறாத பாடத்தில் 'யு' விழும். 2017 ஒழுங்குமுறையில் அது 'ஆர்ஏ' ஆனது. ரீஅப்பியரன்ஸ், மறுபடி எழுத வேண்டும் என்று பொருள். 2021 ஒழுங்குமுறையில்? திரும்பவும் 'யு'! மூன்று ஒழுங்குமுறைகளையும் மேஜையில் விரித்து இதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். எட்டு வருஷத்தில் அந்த எழுத்து ஊரைச் சுற்றிவிட்டுப் பழைய வீட்டுக்கே வந்திருக்கிறது. பையன்களுக்கு யு-வும் கப்புதான், ஆர்ஏ-வும் கப்புதான்.

2020-ஐ விட்டுவிட முடியாது. கொரோனா காலம். இறுதி செமஸ்டர் நீங்கலாக, அரியர் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் தேர்ச்சி என்று ஆகஸ்ட் 26-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். நன்றி சொல்லிப் போஸ்டர்கள் முளைத்தன. ஒளித்து வைக்க வேண்டிய விஷயத்தைப் பசை தடவிச் சுவரில் ஒட்டிய தலைமுறை அது! தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ எதிர்த்தது, வழக்கு நடந்தது, தேர்வே இல்லாத தேர்ச்சியை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கப்பு திரும்பி வந்தது.

வெளியே என்ன செய்கிறார்கள்? சிபிஎஸ்இ 2020-ல் ஃபெயிலை எடுத்துவிட்டு 'எசென்ஷியல் ரிப்பீட்' என்று போட்டது. அமெரிக்காவில் மதிப்பெண் சரிந்தால் 'அகடமிக் புரொபேஷன்' என்று கடிதம் வரும். தண்டனை பெற்றவரைக் கண்காணிப்பில் வெளியே விடுவதற்கும் அங்கே புரொபேஷன்தான். சில பல்கலைக்கழகங்கள் அதை 'நோட்டீஸ்' ஆக்கிவிட்டன. ஷானன் பிரேடி, கிரெகரி வால்டன் முதலான உளவியலாளர்கள் பெயரோடு நிற்காமல் கடிதத்தையே திருத்தி எழுதிப் பார்த்தார்கள். இந்த நிலைக்கு வருகிறவர் நீங்கள் மட்டுமல்ல, காரணங்கள் பல இருக்கலாம், மீண்டு வந்தவர்கள் உண்டு என்று எழுதியபோது மாணவர்களுக்கு வெட்கம் குறைந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்ற நினைப்பும் குறைந்தது.

என் வழக்கு இவ்வளவுதான். அந்தப் பையன்கள் பார்த்த திரையில் பாடக் குறியீட்டுக்கு எதிரே ஓர் எழுத்து. அதற்குக் கீழே, யாரைப் போய்ப் பார்ப்பது என்று ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்? யு-வா ஆர்ஏ-வா என்பது அதற்கப்புறம்.

அதற்கும் அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கிறது. அங்கே 'ஸ்டாண்டிங் அரியர்', அதாவது இன்னும் தேறாத பேப்பர், இல்லை என்றால் மட்டும் போதாது, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' உண்டா என்பார்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் எந்த மாதம், எந்த வருஷம் தேறினார் என்று ஒரு பத்தி இருக்கிறது. எழுத்தை எப்படி மாற்றினாலும் அந்தப் பத்தி போட்டுக்கொடுத்துவிடும். முதல் முறையிலேயே எல்லாம் தேறாதவருக்கு டிஸ்டிங்ஷனும் கிடையாது.

பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் போனில் கத்துகிறார். மறுமதிப்பீடு அடுத்த வாரம், நிச்சயமாக. 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை பதிந்த மறுமதிப்பீட்டு முறைகேடு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் திண்டிவனமும் வருகிறது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்த வாசகர்கள் வியாழக்கிழமைக்குள் எழுதிப் போடுங்கள்.